மலையில் ஓடித் தேய்ந்த பழைய ஃபோர்வீல் ஜீப்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

போடியிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமாக ஏறுகிறவையும் இதே ஜாதிதான். மஹிந்திரா 540, மேஜர், கமாண்டர் என்று பழைய டீசல் வண்டிகள். பலவற்றில் கிலோமீட்டர் மீட்டர் நின்றே பல வருஷம் ஆகியிருக்கும். இவற்றில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை, வண்டி காட்டும் அறிகுறியை வைத்து இங்கே பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும், கியர்பாக்ஸ் இறக்குவது கடைசியில் வரும். பழைய வண்டியில் பெரிய சத்தம் எல்லாம் பெரிய செலவு இல்லை. ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொல்லும் சின்ன அறிகுறியைக்கூட "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பது பத்துப் பன்னிரண்டு குடும்பத்துப் பெண்கள்.

## கீழே படுப்பதற்கு முன்

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழைய ஜீப் பலவற்றில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்பர் கேஸின் (கியர்பாக்ஸ் இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம், ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் வைத்திருப்பார்கள். அந்த வண்டியில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் ஹேண்ட்பிரேக் செத்துவிடும். ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறு திசையில் உருண்டுவிடும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான். அதனால் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போங்கள். வெறும் ஜாக்கியை நம்பித் தலையை நீட்டாதீர்கள்.

தேவையான சாமான்: ஸ்பானர் செட், டெஸ்ட் லேம்ப், வோல்ட் மீட்டர், டேப், சாக்பீஸ், நல்ல டார்ச், ஒரு உதவியாள்.

## ஸ்டியரிங் உதறுகிறது

40, 50 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாகத் துடித்து, ஸ்டியரிங் கையை உதறிவிடும். டிரைவர்கள் இதை வாப்ளிங் என்பார்கள். ஓடும்போது வந்தால் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகத்தை இறக்குங்கள். ஓரளவு வேகம் குறைந்ததும் தானாக நின்றுவிடும்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "அண்ணே, வண்டி உதறுது, ஒரு ஸ்டியரிங் டேம்பர் மாட்டிவிடுங்க." டேம்பர் என்பது ஸ்டியரிங் உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர். அதை மாட்டினால் உதறல் கொஞ்ச நாள் தெரியாது. உள்ளே தேய்ந்த சாமான் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். டேம்பர் கடைசியில் மாட்ட வேண்டியது. முதலில் இதை எல்லாம் பாருங்கள்.

### டயரும் ரிம்மும்

இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரி முனை நிமிர்ந்தும் இருந்தால் டோ-இன் (முன் சக்கரம் இரண்டும் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்க வேண்டிய அளவு) தவறியிருக்கிறது. மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் பேலன்ஸ் போயிருக்கலாம், ஏதோ ஒரு ஜாயிண்ட் ஆடவும் செய்யலாம். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள். உதறல் குறைந்தாலோ, வேறு வேகத்துக்கு மாறினாலோ கோளாறு டயரில்தான்.

ரிம் வளைவைப் பார்க்க, சக்கரத்தைத் தூக்கி, ரிம் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்றுங்கள். சாக்பீஸ் ஒரே இடத்தில் மட்டும் கோடு போட்டால் அந்த இடம் வெளியே தள்ளியிருக்கிறது.

### ஆள் வைத்துப் பார்க்கும் சோதனை

இந்த லிஸ்டில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. காசு ஒன்றும் ஆகாது. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், இன்ஜின் ஆஃப். உதவியாள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு சாண் அளவுக்கு விடாமல் ஆட்டட்டும். நீங்கள் கீழே போய் ஒவ்வொரு ஜாயிண்ட்டாகக் கையால் பற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் ஆர்ம், அதோடு சேரும் டிராக் லிங்க் கம்பி, சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பிகளின் முனை (எண்ட்) நான்கும், நடுவில் பெல் கிராங்க் (கம்பியின் அசைவைத் திசை திருப்பும் கை) இருந்தால் அதன் பின்னும். ஒரு பக்கம் அசைந்து, அரை நொடி கழித்து மறுபக்கம் அசையும் ஜாயிண்ட் தேய்ந்தது. அந்த "டக்" கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளங்கைக்குத் தெரியும்.

அப்படியே ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் போல்ட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். பாக்ஸே அசைந்தால் போல்ட் லூஸ், அல்லது சேசிஸில் விரிசல். அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். துருப்பிடித்த மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். அந்த வண்டி அன்றைக்கு ஆள் ஏற்றக் கூடாது. சேசிஸ் வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். தெருமுனை வெல்டிங் பட்டறையில் மேலாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு வருவது போதாது.

### வீல் பேரிங்கா, கிங்பின்னா?

முன் சக்கரம் ஒன்றைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். ஹப் நட்டை மேனுவல் சொல்லும்படி இறுக்கி, லாக் போட்டால் முடிந்தது. கிரீஸ் கருகியிருந்தால் பேரிங்கையே மாற்றுங்கள். பிரேக் மிதித்த பிறகும் ஆட்டம் அப்படியே இருந்தால் கிங்பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு. அதில் மேலும் கீழும் உள்ள பேரிங்குக்கு ஷிம் தகடு வைத்து இறுக்கம் பிடிக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் உதறல், கூடினால் வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. பழகிய கை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

### பட்டையும் யு போல்ட்டும்

ஸ்பிரிங் பட்டை புஷ் நசுங்கியிருக்கிறதா, பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிள் ஆடுகிறதா பாருங்கள். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டை இறுக்குங்கள். பட்டைகளைக் கோத்திருக்கும் செண்டர் போல்ட் உள்ளே அறுந்திருந்தால் வெளியே தெரியாது. முன் பட்டைக் கண்ணிலிருந்து (பட்டை முனையில் உள்ள வளையம்) ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளங்கள். அளவு வேறுபட்டால் ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது.

லோடுக்காக முன்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்ட பிறகு உதறல் ஆரம்பித்திருந்தால், ஆக்ஸில் சாய்வு மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிசெய்வது அலைன்மெண்ட் கடைக்காரர் வேலை. டோ-இன் மட்டும் நீங்களே பார்க்கலாம். இரண்டு முன் டயரின் நடுவிலும் ஹப் உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு முன்பக்க இடைவெளியை அளந்து, அந்தக் கோடு பின்பக்கம் வரும்படி வண்டியைத் தள்ளி மறுபடி அளங்கள். முன்பக்கம் ஓரிரு மி.மீ. குறைவாக இருக்க வேண்டும்.

## ஃபோர்வீல் லிவர் சொன்னபடி கேட்கவில்லை

### லிவர் விழவில்லை

வண்டி லேசாக, நேராக நகரும்போது கிளட்ச்சை மிதித்துப் போட்டுப் பாருங்கள். நின்ற வண்டியில் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டிருந்தால் விழாது. லோ ரேஞ்சுக்கு (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) மட்டும் வண்டி நின்றே ஆக வேண்டும். இரண்டு லிவர் உள்ள பழைய வகையில் முன் ஆக்ஸில் லிவரைப் போட்ட பிறகுதான் லோ விழும். உள்ளேயே தடை வைத்திருக்கிறார்கள், அதை எதிர்த்துத் தள்ளாதீர்கள். மாதக்கணக்கில் லிவரைத் தொடாமல் இருந்தாலும் இறுகும். லிவர் பின்னில் கிரீஸ் அடித்து முன்னும் பின்னும் அசைத்தால் இளகும்.

### போட்டது வெளியே வரவில்லை

தார் ரோட்டில் ஃபோர்வீலில் ஓட்டியிருப்பீர்கள். இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் இரண்டும் வேறு வேறு தூரம் ஓடும், அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டில் முறுக்காக ஏறி லிவரை இறுக்கிவிடும். சேற்றிலும் மண்ணிலும் டயர் வழுக்கி முறுக்கு கழன்றுவிடும், தாரில் கழலாது. வண்டியை நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள். லிவரை வெளியே அழுத்திப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுக் கொடுத்தால் வந்துவிடும். சுத்தியல் வேண்டாம்.

மண் ரோட்டில் நேராக ஓடியும் இது அடிக்கடி நடந்தால் டயரைச் சந்தேகப்படுங்கள். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் தேய்ந்த டயர், அல்லது நான்கு கம்பெனி நான்கு டயர். டயரில் ஒரு சாக்பீஸ் கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டித் தூரத்தை அளங்கள். நான்கும் ஒரே அளவுக்கு வர வேண்டும். இதைக் கவனிக்காமல் ஓட்டி டிரான்ஸ்பர் கேஸ் பல்லைத் தின்ற வண்டிகள் நிறைய. இரண்டு டயர் காசை மிச்சம் பிடித்து ஒரு டிரான்ஸ்பர் கேஸுக்குக் கொடுப்பார்கள்.

### தானாக நழுவி வெளியே வருகிறது

லிவர் மேல் இருக்கும் ரப்பர் உறையோ, தரைத் தகடோ லிவரைத் தடுக்கிறதா? டிரான்ஸ்பர் கேஸ் மவுண்டிங் ரப்பர் அறுந்து, இழுவையில் கேஸ் சாய்கிறதா? லிவர் ராடைப் பள்ளத்தில் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கிறதா? இதுவரை சின்னச் செலவு. இவை மூன்றும் சரியாக இருந்தும் நழுவினால் உள்ளே பல் முனை மழுங்கியிருக்கிறது, அல்லது பேரிங் ஆடுகிறது. கேஸை இறக்க வேண்டியதுதான், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### லிவர் விழுந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லை

முட்டுக் கொடுத்து, இன்ஜினை ஆஃப் செய்து, ஃபோர்வீலும் முதல் கியரும் போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். முன் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்ட்டிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் லாக்கில் வையுங்கள். கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

சுற்றாவிட்டால் எல்லாம் சேர்ந்திருக்கிறது. சக்கரம் சுற்றி, கூடவே முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சுற்றினால் டிரான்ஸ்பர் கேஸில் ஃபோர்வீல் சேரவில்லை, லிவர் லிங்க்கைப் பாருங்கள். சக்கரம் சுற்றி, ஷாஃப்ட் சுற்றாமல் நின்றால் ஹப் பிடிக்கவில்லை, அல்லது இரண்டில் ஒரு பக்கத்து ஆக்ஸில் ஷாஃப்ட் அறுந்திருக்கிறது. ஹப் மூடியைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

### செல்ஃப் "டிக்" என்று நின்றுவிடுகிறது, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

பேட்டரி டெர்மினலைக் கழற்றி வெந்நீர் ஊற்றிச் சுரண்டுங்கள். பேட்டரியில் ஓய்வில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலம் இழந்திருக்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எர்த் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் போகும் எர்த் பட்டை பழைய வண்டியில் பச்சை பூத்துப்போயிருக்கும். ஒரு ஜம்ப்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் இன்ஜின் பிளாக்கையும் நேராக இணைத்துச் செல்ஃப் அடியுங்கள். விறுவிறுவென்று சுற்றினால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை, ஒரு எர்த் வயர் போதும். அதற்குப் பிறகும் சுற்றாவிட்டால்தான் எலக்ட்ரீஷியனிடம் செல்ஃப் பிரஷ் பார்க்கக் கொடுங்கள்.

### நன்றாகச் சுற்றுகிறது, சைலன்ஸரில் புகையே இல்லை

டீசல் போகவில்லை. முதலில் இன்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிளைப் பாருங்கள். டீசல் பம்ப் முனையில் லிவர் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றிருக்கும். இதற்கே டோ வண்டி கூப்பிட்டவர்கள் உண்டு.

அடுத்து ஏர். பழைய வண்டியில் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் மயிரிழை வெடித்து, இரவு முழுக்கக் காற்றை உள்ளே விடும். டீசல் ஒழுகியே தெரியாது. ஏர் எடுக்கும் விதம்: ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் ஓடும்போதே இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள ஸ்குரூ, அதே மாதிரி. பிறகும் எடுக்காவிட்டால் நாசிலுக்கு (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை) போகும் பைப் நட்டுகளை இன்ஜின் பக்கம் அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடியுங்கள், டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பீய்ச்சும் இடத்துக்கு நேராகக் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் சின்ன ஊசிக் காயம்போலத்தான் தெரியும், இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏர் எடுத்த மறுநாளே திரும்ப வந்தால், டேங்க் பக்கத்தில் சின்னத் துண்டாக டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு, குமிழி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தத் துண்டை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் ஓட்டை இருக்கும் பகுதி அகப்படும்.

### சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) உள்ள இன்ஜின் என்றால் பிளக் வயர்களைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் உள்ளே அறுந்தது. பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இந்த பிளக் பெரும்பாலும் இருக்காது. அங்கே நாசில், கம்ப்ரஷன், பம்ப் டைமிங் என்று வரிசையாகப் போகும், பம்ப் கடைதான் கதி. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ பெட்ரோல் துணியோ காட்டாதீர்கள். சூடான பிளக்கில் பட்டு இன்டேக்கிலேயே வெடிக்கும்.

## ஏற்றத்தில் சூடு ஏறுகிறது

ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் கொதித்து ஓடாமல் முள் மட்டும் ஏறியிருந்தால் இன்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். எப்படியானாலும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. ஆறிய பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

தண்ணீர் குறைந்திருக்கிறதா, எங்கே ஒழுகுகிறது. ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் ஒன்று, ஒன்றரை செ.மீ.க்கு மேல் அமுங்குகிறதா. ரேடியேட்டரின் முன்பக்கம் சேறும் புல்லும் பூச்சியும் அடைத்திருக்கிறதா. மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் ஓடிய வண்டிக்கு இதுவே பாதி வைத்தியம். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், அழுத்தம் அதிகம் வேண்டாம், தகடு மடங்கிவிடும். ஃபேனைச் சுற்றியிருக்கும் தகட்டுக் கூடு கழற்றி எறியப்பட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது ஃபேன் இழுக்கும் காற்றை ரேடியேட்டர் வழியே வர வைப்பது அந்தக் கூடுதான்.

பிறகு தெர்மோஸ்டாட். கழற்றி வெந்நீரில் போட்டால், கொதிப்பதற்கு முன்பே திறக்க வேண்டும். சூடு ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. மலைக் குளிரில் அந்த இன்ஜின் பதமான சூட்டுக்கே வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். கெட்டுப்போயிருந்தால் புதிது போடுங்கள், விலை அதிகமில்லை.

வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சின்ன ஓட்டையில் தண்ணீர் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தும் சூடு என்றால் ரேடியேட்டர் உள்ளே உப்பு அடைத்திருக்கும், கடையில் டேங்க் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், அல்லது இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) போயிருக்கிறது. அந்த நிமிஷமே நிறுத்தி மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டும். இன்னும் ஒரு டிரிப் என்று ஓட்டினால் கேஸ்கெட் செலவு ஹெட் செலவாகிவிடும்.

## ஏற்றத்தில் இழுக்கவில்லை

இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச். சமதரையில் டாப் கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. பெடலில் மேலே கொஞ்சம் வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகலாம். ஆட்டம் இருந்தும் வழுக்கினால் கியர்பாக்ஸ் இறங்கும். இறக்கும்போதே இன்ஜின் பின் ஆயில் சீலையும் பாருங்கள், ஆயில் பட்ட இடத்தில் புது பிளேட்டும் நிற்காது.

இன்ஜினே திணறினால் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை: ஏர் ஃபில்டர், பிறகு நாசில். நீலப் புகை: ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்புஸ் என்று அழுத்தமாகப் புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. புகை எதுவும் இல்லாமல் திணறினால் டீசல் ஃபில்டர், டேங்க் அடியில் அழுக்கு, அல்லது ஆக்சிலரேட்டர் கேபிள் முழுதாக இழுக்காதது.

## பிரேக்

இங்கே ஒரே ஒரு நிபந்தனை. கீழே சொல்வதில் எது இருந்தாலும், சரிசெய்து, ஆள் இல்லாமல் சமதரையில் சோதித்த பிறகுதான் மலை.

### பெடல் கீழே போகிறது

இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்தால் ஷூ தேய்ந்து டிரம்முக்குத் தூரம் கூடியிருக்கிறது, அல்லது பைப்பில் காற்று. முதலில் நான்கு சக்கரத்திலும் ஷூ அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஏர் எடுங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உள்ளே கசிகிறது. இது மிதிக்கு மிதி ஏமாற்றும் கோளாறு, ஒருமுறை சரியாகப் பிடிக்கும், அடுத்த வளைவில் பிடிக்காது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.

### ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்றை முதலில் பாருங்கள். பிறகு இழுக்காத பக்கத்து டிரம்மைக் கழற்றுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். ஹப் சீல் தாண்டி வந்த ஆயில் ஷூவை நனைத்திருக்கும், அல்லது வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது பலன் தராது. சூடானதும் ஆயில் திரும்பக் கக்கும். இரண்டு பக்கத்து ஷூவையும் சேர்த்து மாற்றுங்கள்.

### மிதித்த பிரேக் விடவில்லை, சக்கரம் சூடாகிறது

அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளைத் திறங்கள். எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் சட்டென்று இலகுவானால் ஷூவில் குற்றமில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. ஹோஸை மாற்றுங்கள். திறந்தும் இலகுவாகாவிட்டால் ஷூ ஸ்பிரிங், வீல் சிலிண்டர்.

### பெடல் கல்லாக இருக்கிறது

பூஸ்டர் (மிதிக்கும் பலத்தை வேக்கத்தால் கூட்டுவது) உள்ள வண்டியில் இன்ஜினை ஆஃப் செய்து நாலைந்து முறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் ஹோஸ், பிறகு வேக்கம் பம்ப், பிறகு பூஸ்டர்.

இறக்கத்தில் கருகல் வாடை வந்து பிடிப்பு குறைந்தால் அது கோளாறே இல்லாத வண்டியிலும் நடக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் இறக்குகிறவரோடு ஆட்களை அனுப்பாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் பெடலைக் கீழே விட்டுவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

## கீழே சத்தம்

சத்தம் எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி பிடித்துவிடலாம்.

கியர் போட்டு எடுக்கும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதும் "டொக்" என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மடங்கும் ஜாயிண்ட்டில் உள்ள யு.ஜே. கிராஸ். ஜாயிண்ட்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருப்பொடி இருந்தால் கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. மாற்றும்போது ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயிண்ட்டில் உள்ள இரண்டு அம்புக்குறியும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். மாற்றிப் பூட்டிவிட்டால் புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும், குற்றம் கிராஸ் மேல் விழும்.

வேகத்தோடு ஏறும் உறுமல் வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். இழுக்கும்போது மட்டும், அல்லது ஆக்சிலரேட்டரை விட்டால் மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் ஆக்ஸில் நடுவில் உள்ள கிரவுன் பினியன் பல். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். வடித்த ஆயிலில் சாந்து மாதிரி மெல்லிய இரும்புப் பசை இருப்பது வயதான வண்டிக்குச் சகஜம், விரலில் தட்டுப்படும் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பினியன் செட்டிங் கருவியும் அனுபவமும் இல்லாத இடத்தில் அதைப் பிரிக்க விடாதீர்கள். ஃபோர்வீலில் முழுத் திருப்பத்தில் மட்டும் "டக் டக்" என்றால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட் ஜாயிண்ட்.

## ஆயில் ஒழுகுகிறது

சீல் மாற்றுவதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். ஆக்ஸில் மேலும் கியர்பாக்ஸ் மேலும் சின்ன மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். சேறு அடைத்துவிட்டால், சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். ஒரு கம்பி விட்டு எடுத்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

கியர்பாக்ஸில் ஆயில் கூடி, டிரான்ஸ்பர் கேஸில் குறைந்தால், அல்லது அதற்கு மாறாக இருந்தால், வெளியே எங்கும் தேடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் வழியே போகிறது. மாதம் ஒருமுறை இரண்டு பிளக்கையும் திறந்து அளவைச் சரிசெய்துகொண்டே ஓட்டலாம், அடுத்த முறை கிளட்ச்சுக்காக இறக்கும்போது சீலையும் மாற்றிக்கொள்ளலாம்.

டிரான்ஸ்பர் கேஸ் பின் சீல் ஒழுகும்போது மட்டும் இப்படித் தள்ளிப்போட முடியாது. ஹேண்ட்பிரேக் டிரம் அங்கே இருக்கும் வண்டியில் அந்த ஆயில் நேராக ஷூவில்தான் போய் நிற்கும். ஒழுகல் சில சொட்டுதான் என்றாலும் சீலையும் ஷூவையும் சேர்த்து மாற்றுங்கள். அதுவரை வண்டியை மேட்டில் நிறுத்த வேண்டி வந்தால் சக்கரத்துக்குக் கல் முட்டு வைத்த பிறகே ஆட்கள் இறங்கட்டும்.